நனைக்காமல் வெட்டிய ட்வீட்

நீர் பொய் சொன்னீர். ஜவுளிக்கடை முதலாளியான நீர், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து ஊரே மாதா கோயில் வாசலில் நின்றபோது, நான் துணியை மாற்றிவிட்டேன் என்று சொன்னீர். நான் மாற்றவில்லை. வாயால் பலமுறை சொல்லிப் பார்த்தாயிற்று. இப்போது எழுதுகிறேன்.

படிக்கிறவர்களுக்கு விஷயம் தெரியாது. அவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் புதுச்சேரியில் நான் கோட்டு தைக்கும் தையல்காரன். இந்த வெயிலில் யாருக்குக் கோட்டு என்று கேட்பீர்கள். கப்பல் ஏறுகிறவர்களுக்கு. படிக்கவோ உத்தியோகத்துக்கோ பிரான்சுக்குப் போகிறவர்கள் ட்வீட் என்கிற கனமான கம்பளித் துணியில் ஒரு கோட்டாவது தைத்துக்கொண்டுதான் போவார்கள். துணியை அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள். கப்பலுக்கு முந்தின ஞாயிறு, அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு பூசைக்கு வரவேண்டும். அது எங்கள் வழக்கம். வெயில் கொளுத்தினாலும் வரவேண்டும். கழுத்துப்பட்டை வேர்வையில் ஊறும், முகம் சிவந்து வீங்கும், ஒருத்தரும் கழற்ற மாட்டார்கள். வாசலில் சொந்தக்காரர்கள் கோட்டுக் கையைத் தடவிப் பார்த்து, என்ன வழவழப்பு என்பார்கள்.

அந்த வழக்கம்தான் கெடுத்தது. எல்லோரும் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் துணி எடுத்தார்கள். அங்கே போய்க் கழிக்க வேண்டிய குளிர்காலத்துக்கு ஒருவரும் எடுக்கவில்லை.

குளிரை நானும் பார்த்ததில்லை. ஆனால் சண்டைக்குப் போய்த் திரும்பிய பட்டாளத்துச் சொல்தாக்களின் கோட்டுகளும், துரைமார்களின் கோட்டுகளும் பிரித்துத் தைக்க என்னிடம் வரும். எந்தத் துணி பத்துக் குளிர்காலம் தாங்கியிருக்கிறது, எது இரண்டே வருஷத்தில் இற்றுப் போயிருக்கிறது என்று தையலைப் பிரித்தால் தெரியும். தாங்கியதெல்லாம் முரட்டுத் துணி. தொட்டால் குத்தும், நனைந்தால் ஆட்டு வாடை அடிக்கும். நான் படித்த பாடம் அவ்வளவுதான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஒருநாள் ஓர் அம்மாள் வந்தார். புருஷன் இல்லாதவர். ஒரே மகன் டாக்டருக்குப் படிக்கக் கப்பல் ஏறுகிறான்.

"தையக்காரரே, நீங்களும் கடைக்கு வாங்க. கம்பளியில நல்லது எது கெட்டது எதுன்னு எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

போனேன். உம்முடைய கடைக்குத்தான். அடித்தட்டில் பழுப்பு நிறத்தில் ஒரு ட்வீட் கிடந்தது. எத்தனை நாளாகக் கிடந்ததோ, மேலே தூசி. தூக்கினேன், கை இறங்கியது. ஒரு மூலையைக் கைக்குள் வைத்து நெரித்து விட்டேன். சுருக்கம் தானாகப் பிரிந்து எழுந்தது. வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலுக்கு எதிரே பிடித்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை. இதுதான் என்றேன்.

அந்த அம்மாள் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "என்னாங்க இது, சாக்கு மாரி குத்துது? எம் புள்ள கழுத்து என்னாத்துக்கு ஆவும்?"

"குத்தட்டும்மா. உள்ளுக்கு வழவழன்னு லைனிங் குடுத்துடறேன். குளிருக்கு இதாம்மா தாங்கும்."

நீர் மெத்தையில் சாய்ந்தபடியே சிரித்தீர். "அம்மா, குதிர மேல போத்துற துணிய எடுத்துக் காட்டுறாரு உங்க தையக்காரரு. புள்ள பாரீசுக்குப் போவுதா, லாயத்துக்குப் போவுதா?"

கடையிலிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

"ஏன்யா, நீ குளிரப் பாத்திருக்கியா? பக்கத்துல இருக்கிற காலாப்பட்டத் தாண்டியாவது போயிருக்கியா?" என்று என்னைக் கேட்டீர்.

"நான் பாத்ததில்ல. நான் பிரிச்ச கோட்டுங்க பாத்திருக்குது" என்றேன். அதற்கும் சிரித்தீர்.

பிறகு, இதுவும் ட்வீட்தான் என்று ஒரு நீலத் துணியை எடுத்து விரித்தீர். பட்டுப்போல் மின்னியது. அதுவும் கனமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கனம் எனக்குப் பிடிக்கவில்லை. விறைப்பாக இருந்தது. நெரித்தால் மடிப்பு மடிப்பாகவே நின்றது. ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்க்கிறேன் என்றேன். கம்பளி என்றால் மயிர் கருகும் வாடை வரும், பஞ்சு என்றால் காகிதம் போல் எரியும்.

"துணிக்கடைக்குள்ள நெருப்பு வைக்கிறேன்றான் பாரு! வெளிய போய்யா" என்றீர். அந்த அம்மாள் நீலத்தையே எடுத்தார். அவரிடம் இன்னொன்றும் சொன்னீர். "வெட்டறதுக்கு முன்னால தண்ணியில போடுவாங்க இவுங்க. போட உட்றாதீங்க. பளபளப்பு போயிடும்."

இங்கேதான் என்னுடைய தப்பு வருகிறது. மறைக்கமாட்டேன். கம்பளியை ஒரு பகல் முழுக்க ஊறவைத்து, நிழலில் காயப்போட்டுத்தான் வெட்டவேண்டும். சுருங்குவது அப்போதே சுருங்கிவிடும். துணியில் ஏதாவது கள்ளம் இருந்தாலும் வாளித் தண்ணீரிலேயே தெரிந்துவிடும்.

துணியை என்னிடம் கொடுத்தபோது, "நனைச்சிடறேம்மா" என்றேன்.

"வேணாங்க. கடக்காரரு படிச்சிப் படிச்சி சொல்லியிருக்காரு. ஞாயித்துக்கெழம பளபளன்னு இருக்கணும். அவுங்க அப்பா இருந்து பாக்கல, ஊராவது பாக்கட்டும்."

நனைக்காமல் வெட்டினேன். அன்று முரட்டுத்தனமாக மறுத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முரட்டுத்தனம் பண்ணுகிறவன், அதற்கு மட்டும் பண்ணவில்லை.

ஞாயிறு வந்தது. பையன் கோட்டோடு பூசைக்கு வந்தான். தையல் நன்றாகவே அமைந்திருந்தது. தோளில் ஒரு சுருக்கம் இல்லை. வாசலில் கூட்டம் கூடியது. நீர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவன் கோட்டுக் கையை இரண்டு விரலால் பிடித்துச் சொன்னீர்: "பாத்தீங்களா? நம்ம கடத் துணி. கண்ண மூடிக்கிட்டுத் தொட்டாலும் எனக்குத் தெரியும்."

இதைப் படிக்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவன் கப்பல் ஏறினான். சில மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அந்த அம்மாள் அதை என் கடைக்கே கொண்டுவந்து படித்துக் காட்டினார். இரண்டு நாள் மழையில் நடந்திருக்கிறான். கோட்டுக் கை சுருங்கி முழங்கைப் பக்கம் ஏறிக்கொண்டது, நீலம் சட்டையெல்லாம் வழிந்தது, காய்ந்த பிறகு கோட்டு கொசுவலை போல் ஆகிவிட்டது. நெஞ்சில் சளி கட்டி மூன்று வாரம் படுத்திருக்கிறான். எழுந்த பிறகு யாரோ போட்டுக் கழித்த கோட்டை வாங்கிப் போட்டிருக்கிறான்.

என்னிடம் வெட்டு மிச்சம் ஒரு துண்டு இருந்தது. அந்த அம்மாள் எதிரிலேயே வாளியில் போட்டேன். தண்ணீர் கஞ்சிபோல் கலங்கி நீலமானது. கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. கனம் முழுக்கப் பசை. பசை போனபின் பஞ்சு நூலும் கிழிந்த பழங்கம்பளியின் பொடியும்தான் மிச்சம்.

அந்த அம்மாள் அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் உம்மிடம் நியாயம் கேட்டார். நீர் குரலை உயர்த்தாமல் சொன்னீர்: "நான் குடுத்தது அசல் கம்பளிம்மா. நடுவுல மாறியிருக்குது. நடுவுல யார் கையில இருந்துச்சின்னு நீங்களே யோசிங்க."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அந்த ஈரத் துண்டை எடுத்து நீட்டினேன். "இதான், இவன் மாத்துன துணி இதான்" என்றீர். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கோயில் வாசலில் பேசக்கூடாத வார்த்தைகளைப் பேசினேன். நாலு பேர் என் தோளைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டார்கள். கேட்கவேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமலே வந்துவிட்டேன். வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. மறுவாரம் கேட்கப் போனேன். அதற்குள் என்னோடு பேசவே யாரும் நிற்கவில்லை. திருவிழாவுக்குக் கொடித்துணி கொடுக்கிறவர் நீர். நான் வாய்த்துடுக்குக்காரன்.

அன்றோடு கப்பல் ஏறுகிறவர்கள் ஒருவரும் என் கடைப்படி ஏறவில்லை. கோட்டு தைத்த கையால் தலையணை உறை தைத்தேன். துணி திருடுகிறவன் என்ற பேரோடு இந்த ஊரிலேயேதான் இருந்தேன், ஓடிப்போகவில்லை. அந்த அம்மாளும் கடைசிவரை என்னை நம்பினாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. தெருவில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போவார்.

உமக்கும் வயதாகிவிட்டது, எனக்கும் ஆகிவிட்டது. அன்று கேட்காமல் விட்டதை இப்போது கேட்கிறேன். தைத்து முடித்த கோட்டைத் தொட்டு, உம் கடைத் துணி என்று சொன்னது நீர்தானே? கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் தெரியும் என்றீரே. நான் மாற்றியிருந்தால் அன்றைக்கு ஏன் தெரியவில்லை? உம் துணிதான் என்று தெரிந்திருந்தால், பிறகு ஏன் என்னைத் திருடன் என்றீர்?

வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பேசவேண்டாம். வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் அதே வாசலில், அன்று நின்ற அதே இடத்தில் நில்லும். ஊர் கேட்கும்படி பதில் சொல்லும். நான் வந்து நிற்பேன்.