தோட்ட வேலைக்கு எண் இல்லை

லிங்கி பக்கம் எண்ணெய்க்குப் பழம் வெட்டும் ஒரு செம்பனைத் தோட்டத்தில், கடைசி லயத்து வீட்டில் சன்னாசி அங்கிள் தனியாக இருக்கிறார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் ஜொகூரில் லாரி ஓட்டுகிறான். தீபாவளிக்கு வந்தால் உண்டு. அக்கம்பக்கத்தில் எல்லாம் வங்காளதேசத்துப் பையன்கள். நல்ல பையன்கள்தான், ஆனால் தமிழ் தெரியாது.

அரசாங்கக் கணக்கெடுப்புக்காக வீடு வீடாகப் போய், யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டு எழுதுவது என் பிழைப்பு. முதல் தடவை கேட்டபோது "தோட்ட வேலைம்மா" என்றார். அப்படியே எழுதிக்கொண்டு வந்தேன். சிரம்பான் ஆபீசில் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் போடுகிற கமலாதேவி அக்கா திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"தோட்ட வேலைன்னா எந்த எண்ணைப் போடுறது? பழம் வெட்டுறாரா, மருந்து அடிக்கிறாரா, ஆளுங்கள வேலை வாங்குற மண்டோரா? போய்க் கேட்டுட்டு வா மாதவி."

வேகாத வெயிலில் மறுபடி மோட்டார் சைக்கிளை எடுத்தேன். அங்கிள் கோப்பி கலக்கிக் கொடுத்தார். "சில நாள் மருந்து அடிப்பேன். சில நாள் வேற வேலை" என்றார். என்ன வேற வேலை என்று கேட்டால், மனைவி அந்த நாளில் வைத்த நெத்திலிச் சம்பலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். நானும் மடச்சி மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கா அதையும் திருப்பினார்.

அடுத்த தடவை, போகிற வழியிலேயே மண்டோர் மாயாண்டியைப் பிடித்துக் கேட்டேன்.

"சன்னாசியா? தினம் மருந்து அடிக்கிற ஆளும்மா. வேற ஒண்ணும் கிடையாதே."

எனக்குச் சுள்ளென்று ஏறியது.

நான் வருவதாகப் போனில் சொல்லியிருந்தேன். அங்கிள் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். மேசையில் பிரிக்காத பிஸ்கட் டின்.

"ஏன் அங்கிள் இப்படி அலைய விடுறீங்க? ஒழுங்காச் சொல்லியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்லா!"

டின்னின் மூடியை நெம்பிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"முடிஞ்சா நீ வரமாட்டியேம்மா."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. பிஸ்கட்டை என் பக்கம் தள்ளிவிட்டு அவரே சொன்னார்: "எழுதிக்கம்மா. மருந்து அடிக்கிறேன். அது மட்டுந்தான்."

மறுநாள் கமலாதேவி அக்கா பார்த்தவுடனே எண்ணைப் போட்டுவிட்டார்.

"இப்பத்தான் சரியா இருக்கு. இந்த வீடு முடிஞ்சிச்சு. நாளைக்கு நீ புக்கிட் பெலண்டோக் போ."

நான் நகரவில்லை.

"இன்னொரு தடவை நல்லாப் பாருங்கக்கா" என்றேன். "ஏதாவது விட்டுப்போயிருக்கும். நான் போய்க் கேட்டுட்டு வர்றேன்."