அத்தான் ஓட்டிவிட்ட அரைமணி நேரம்

பழைய ஜப்பானியப் பேய்ப்படம் ஒன்றை ஞாயிறு மத்தியானம் லண்டன் ஈஸ்ட் ஹாமில் அக்கா வீட்டில் போட்டது என் பிழைதான். அத்தானுக்குப் படம் பார்க்கத் தெரியாது. தமிழ்ப் படத்தில் பாட்டு வந்ததும் ரிமோட்டை அமத்தி ஓட்டிவிடுகிற மனுசன், இதில் பேய் வராத இடங்களையெல்லாம் ஓட்டினார்.

“விடுங்கோ அத்தான், அதுதான் கதை,” என்றேன்.

“பேய்ப்படத்திலை என்ன கதை? பேயைக் காட்டட்டும்.”

அவர் ஓட்டிவிட்ட அரைமணி நேரத்தில்தான் கணவன் தன் மனைவியை உள்ளறையில் பூட்டிவைத்துவிட்டு இன்னொருத்தியைக் கூட்டிவருகிறான். பூட்டிய கதவுக்குப் பின்னால் அவள் சாகிறாள்.

பிறகு அவள் பேயாக, வெள்ளை உடையில், கூந்தல் முகத்தை மூட, மெல்ல நடந்து வந்தாள். அத்தான் சிரித்தார்.

“இதை எத்தினை இங்கிலீஷ் படத்திலை பாத்திட்டம்! கொப்பி அடிச்சிருக்கிறாங்கள்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அவங்கள்தான் இதைப் பாத்து அடிச்சவங்கள்! இது நீங்கள் பிறக்க முந்தி வந்த படம்!”

அந்தக் கூந்தலையும் நடையையும் ஊருலகமெல்லாம் எடுத்துக்கொண்டது. அவளுக்கு நடந்ததைத்தான் பலர் அத்தானைப் போலவே ஓட்டிவிட்டார்கள்.

“பாவம் அந்த மனுசன். அவனை ஏன் இவள் விடாமல் பின்னாலை கலைச்சுக்கொண்டு திரியிறாள்?” என்றார் அத்தான்.

காலையிலிருந்து குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்ற அக்கா, கையைத் துடைத்தபடி வந்து ரிமோட்டைப் பறித்தாள்.

“திருப்பிப் போடுறன். இருந்து பாருங்கோ.”

அந்த அரைமணி நேரமும் அக்கா படத்தைப் பார்க்கவில்லை. அத்தானையே பார்த்துக்கொண்டு நின்றாள்.