இரண்டு டன் என்று சொன்னேன்

வண்டியை உயர்த்த வேண்டும் என்று நான் முடிவு செய்தபோது என் மனைவிக்கு ஐந்தாம் மாதம். முதல் கரு மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோனது. நான்கு வருடம் கழித்து நின்றது இது. வீட்டில் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடினோம்.

எங்கள் வீடு பாகலூர்ப் பக்கம், தார் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே தோட்டத்தில் இருக்கிறது. அந்த இரண்டு கிலோமீட்டரைப் பாதை என்று சொல்வது மரியாதைக்குத்தான். பாறை, பாறைக்கு நடுவில் பள்ளம், மழை பெய்தால் பள்ளம் நிறையத் தண்ணீர். ஆட்டோக்காரர்கள் தார் ரோட்டிலேயே இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். என்னிடம் இருந்தது குடைமிளகாயும் தக்காளியும் ஏற்றி ஓசூர் மார்க்கெட்டுக்கு ஓட்டும் ஒரு பழைய பிக்கப். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் தொய்ந்துபோய், வண்டியின் அடிப்பக்கம் பாறையில் இடிக்கும். இடிக்கும்போதெல்லாம் அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். மாதாமாதம் ஓசூருக்கு டாக்டரிடம் போய்வர வேறு வழியும் இல்லை. வண்டியை நாலு விரல் தூக்கிவிட்டால் பாறை தட்டாது, பிள்ளைக்கும் அதிர்ச்சி போகாது. நான் யோசித்தது அவ்வளவுதான்.

ஓசூரில் ஒரு கடையில் பளபளவென்று பெட்டியில் வரும் செட் ஒன்றைக் காட்டினார்கள். பெங்களூர்ப் பையன்கள் மலையேறப் போகும் ஜீப்புகளுக்குப் போடுவதாம். விலையைக் கேட்டுவிட்டு வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். பிறகு வண்டியைக் கிருஷ்ணகிரி ஹைவேயில் விட்டேன். குந்தாரப்பள்ளி தாண்டி ஒரு ஸ்பிரிங் பட்டறை உண்டு, லாரிக்காரர்கள் போகும் இடம். பட்டறைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். தமிழில் வரவேற்று, கன்னடத்தில் பேரம் பேசி, தெலுங்கில் திட்டுவார். பழைய லாரிப் பட்டைகளை வெட்டிச் சேர்த்தால் அந்தக் கடை விலையில் கால்பங்குகூட ஆகாது என்றார். கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"என்ன லோடு தம்பி ஏத்துவ?"

ஊத்தங்கரையில் இருக்கும் என் மாமியார், போன முறை நாள் தள்ளியதுமே ஊரெல்லாம் சொன்னதால்தான் அப்படி ஆனது என்று தீர்ப்பு எழுதி வைத்திருந்தார். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று போனில் வாரம் தவறாமல் சொல்வார். வெளியாள் யாரிடமும் வாய் திறக்க மாட்டேன் என்று என்னிடம் சத்தியமே வாங்கியிருந்தார். இதையெல்லாம் நம்பாதவன் போலத்தான் நான் பேசித் திரிவேன். ஆனால் அந்த இடத்தில் வாய் தானாக மூடிக்கொண்டது. குடைமிளகாய், தக்காளி, இரண்டு டன் ஏற்றுவேன் என்றேன். பொய் இல்லை. ஆனால் நான் வண்டியைக் கொண்டுவந்தது அதற்காக இல்லை.

அவர் பின்பக்கம் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பட்டை சேர்த்தார். முன்பக்கத்துக்கு ஒரு போல்ட்டை முறுக்கினாலே போதும் என்று முறுக்கிவிட்டார். சாயங்காலம் வண்டி மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றது. போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். நான் எப்படி ஏறுவது என்று கேட்டிருந்தாள். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த முறை டாக்டரிடம் கிளம்பியபோது பாறை ஒன்றுகூட இடிக்கவில்லை. வண்டிதான் குதித்தது. இரண்டு டன்னைத் தாங்கச் செய்த பட்டைகள் இரண்டு பேருக்கு எப்படி வளையும்? கல்லில் ஏறிய ஒவ்வொரு அடியும் நேராக சீட்டுக்கு வந்தது. பாதிப் பாதையில் அவள் நிறுத்தச் சொல்லி, இறங்கி நடந்தே தார் ரோட்டுக்கு வந்தாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியாக நான் பின்னால் வண்டியை உருட்டிக்கொண்டு போனேன்.

பாரம் இருந்தால் பட்டை வளையும், குதிக்காது. அதனால் கிரானைட் பாக்டரி வாசலில் வீணாகக் கிடந்த வெட்டுத் துண்டுகளைக் கேட்டு வாங்கிவந்தேன். டாக்டரிடம் போகும் நாளில் அரை டன்னுக்கு மேல் கல்லை நானே ஏற்றுவேன், திரும்பி வந்ததும் நானே இறக்குவேன். கல் ஏறியதும் வண்டி மூன்று விரல் கீழே இறங்கிவிடும். நாலு விரல் தூக்கச் செய்த செலவெல்லாம் ஒரு விரலுக்கு என்று ஆனது. கல்லில் போவதற்குக் கல்லையே சுமந்துகொண்டு போகிற புத்திசாலி உங்களை விட்டால் யார் என்று அவள் சிரித்தாள். அந்த மாதங்களில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

ஏழாம் மாதம் முடியும்போது, சேர்த்த பட்டைகளில் ஒன்று உடைந்தது. மறுபடி பட்டறைக்குப் போனேன். பின்னால் இறக்காமல் விட்டிருந்த கல்லைப் பார்த்துவிட்டு இது எதற்கு என்று பட்டறைக்காரர் கேட்டார். ஏற்றி இறக்கிக் கை ஓய்ந்துபோயிருந்தது, சொல்லிவிட்டேன். எத்தனையாம் மாதம் என்பது வரைக்கும் சொன்னேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"பொண்டாட்டிய ஏத்திட்டுப் போறதுக்குன்னு அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் பட்டையே சேத்திருக்க மாட்டனே. அச்சுக்கும் பட்டைக்கும் நடுவுல இரும்புக் கட்ட வச்சிருப்பேன். ஒசரமும் வந்திருக்கும், குதிக்கவும் குதிக்காது. இதுல பாதி செலவு."

சேர்த்த பட்டைகளைக் கழற்றிக் கட்டை வைத்து, முன்பக்க போல்ட்டையும் தளர்த்திக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. திரும்பும்போது வண்டி அலுங்காமல் போனது. எனக்கு மாமியார் மேல் கோபம் வந்தது. கொஞ்ச தூரம் போனதும் அது என் மேலேயே திரும்பியது. இரண்டு மாதம் அவளைக் குதிக்க வைத்தது என் வாய்.

ஒன்பதாம் மாதம் வளைகாப்பு முடித்து அவளை ஊத்தங்கரைக்கு அழைத்துப்போவதாக இருந்தது. அதற்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு காலையில், நேற்றிலிருந்து பிள்ளை அசையவில்லை என்றாள். டாக்டர் ஸ்கேன் பார்த்தார். இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். பிறகு என்னை வெளியே அழைத்து, துடிப்பு இல்லை என்றார். பெண் குழந்தை என்பது எடுத்த பிறகுதான் தெரிந்தது. கொடி கழுத்தில் சுற்றியிருந்தது.

வண்டி இரண்டு மாதம் குதித்ததே, அதனாலா என்று கேட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். நான் மறுபடி கேட்டேன். அவர் பொறுமையாக மறுபடி அதையே சொன்னார். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்க வேண்டிய இடம் அது. ஒன்றும் இறங்கவில்லை. ஊசி போட்ட ஈறைத் தொட்டுப் பார்ப்பது போல அவர் சொன்னதை உள்ளே தொட்டுப் பார்த்தேன். மரத்துப்போயிருந்தது.

மதியம் மாமியார் வந்து சேர்ந்தார். அழுது முடித்துவிட்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்.

"யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?"

பட்டறைக்காரரிடம் மட்டும் சொன்னேன் என்றேன். அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். எழுந்து போய் எதிர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். சொல்லாததால் ஒன்று, சொன்னதால் ஒன்று, இரண்டும் என் தலையில்தான் இருந்தன. எனக்கு அழுகை வரவில்லை. குழந்தையை நானும் என் தம்பியும் தோட்டத்துக் கடைசியில் புதைத்தபோதும் வரவில்லை. குழி போதுமா என்று தம்பி கேட்டான், போதும் என்றேன்.

நாலாம் நாள் அவளை அனுப்பினார்கள். மாமியார் முன்னாலேயே எங்கள் வீட்டுக்குப் போய்விட்டார். பிக்கப்பில் நாங்கள் இருவர்தான். பாகலூர் தாண்டினோம். தார் ரோடு முடிந்து பாதை தொடங்கியது. நான் முதல் கியரில், ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்து, ஒவ்வொரு கல்லாக ஒதுக்கி ஓட்டிக்கொண்டிருந்தேன். வண்டி அலுங்கவே இல்லை. அவள் நேராகப் பார்த்தபடியே சொன்னாள்.

"இனிமே எதுக்கு இவ்ளோ மெதுவா ஓட்டறீங்க?"

நான் இரண்டாவது கியருக்கு மாற்றினேன்.