முத்துமாரியம்மாளின் கையெழுத்து

அரிமளத்திற்குத் தெற்கே உள்ள மேலக்கரம்பை ஊராட்சிக்குத் தலைவரான முதற்பெண் முத்துமாரியம்மாள். 2019ஆம் ஆண்டின் இறுதியில் நடைபெற்ற தேர்தலில் அப்பதவி பெண்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அவர் எட்டாம் வகுப்புவரை படித்தவர். நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருந்து வருகைப்பதிவு எழுதியவர். அவருக்கு வாக்களித்தோருள் பலர், அவருடைய கணவர் சேவுகனுக்கே வாக்களித்ததாக எண்ணிக்கொண்டனர். சேவுகன் அறுவடை இயந்திரம் ஓட்டுபவர், கலகலப்பாகப் பேசுபவர். கடைத்தெருவில் அவரைத்தான் எல்லாரும் 'தலைவரே' என்று அழைத்தனர்.

பதவியேற்ற அன்று, அலுவலகத்தில் தலைவரின் நாற்காலிக்கு அருகில் இன்னொரு நாற்காலியும் போடப்பட்டிருந்தது. போட்டவர் ஊராட்சிச் செயலர் நாகராசு.

"இது யாருக்குங்க?" என்று முத்துமாரியம்மாள் கேட்டார்.

"அண்ணனுக்குத்தான் அக்கா. பக்கத்துல இருந்தா ஒங்களுக்கும் ஒரு தெம்பு."

"அவருக்கு வீட்டுல நாற்காலி கெடக்கு. இதை அங்கிட்டுப் போடுங்க, மனுக் கொடுக்க வாரவங்க ஒக்காரட்டும்."

சேவுகன் சிரித்துக்கொண்டே வெளியேறினார். ஆனால் ஊரின் பேச்சு ஓயவில்லை. "கையெழுத்துப் போடுறது அந்தம்மா, போடச் சொல்றது சேவுகன்" என்று தேநீர்க்கடையில் முத்துமாரியம்மாளின் காதுபடவே கூறினர்.

எங்கள் ஊரில் கிராம சபை நடந்த முறையை இங்கே கூறியாக வேண்டும். செயலர் தீர்மானப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க்கரைக்கே சென்றுவிடுவார். வெறுந்தாளில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்வார். தீர்மானங்கள் அதன் பின்னர், அலுவலகத்தில் எழுதப்படும். இதை எவரும் தவறென்று கருதியதில்லை. உள்ளூர்ப் பள்ளியில் ஆசிரியராயிருந்த நானும் கருதியதில்லை.

முத்துமாரியம்மாள் இதை நிறுத்தினார். தீர்மானத்தை முதலில் எழுத வேண்டும். உரக்க வாசிக்க வேண்டும். அதன் பிறகே கையெழுத்து. இதனால் கூட்டம் முடியப் பிற்பகல் இரண்டு மணியாகும். அவருடன் முன்பு மண் சுமந்த மருதாயி ஒருமுறை எழுந்து, "ஏன்டி மாரி, ஒரு கையெழுத்துக்கு இம்புட்டு நேரம் வெயில்ல காயப் போடுறியே! ஓட்டுப் போட்டதுக்குத் தண்டனையா?" என்றார். சபை சிரித்தது. முத்துமாரியம்மாளும் சிரித்தார். ஆனால் வாசிப்பை நிறுத்தவில்லை.

நான்கரை ஆண்டுகளுக்கு மேல் இவ்வாறே நடந்தது. மேற்குத் தெருவுக்குத் தண்ணீர்த் தொட்டி வந்தது. பள்ளிக்குச் சுற்றுச்சுவர் வந்தது. தவறியது ஒரே நாள்.

2024, அக்டோபர் 2. காலையிலிருந்து தூறல். கூட்டம் தொடங்கிய சிறிது நேரத்தில் தொலைபேசி வந்தது. பிரசவத்திற்காகப் புதுக்கோட்டை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்த அவருடைய மகள் வனிதாவுக்கு நிலைமை மோசம், உடனே வரவேண்டும் என்றார்கள். அவர் எழுந்தார். நாகராசு புத்தகத்தை விரித்து நீட்டினார்.

"போட்டுட்டுப் போங்கக்கா. தெருவெளக்கு, வாய்க்கா தூர்வாருறது, அம்புட்டுத்தானே. நான் எழுதிக்கிறேன்."

தாள் வெறுமையாக இருந்தது. முத்துமாரியம்மாள் அதைப் பார்த்தார், வாசலில் நின்ற ஆட்டோவைப் பார்த்தார், கையெழுத்திட்டார். தலைவரே இட்டுவிட்டதால், மழைக்கு ஒதுங்கி நின்ற எல்லாரும் வரிசையாக இட்டனர். மொத்தம் நூற்றுப்பதினேழு கையெழுத்துகள். வனிதா பிழைத்தாள், குழந்தை பிழைக்கவில்லை.

அடுத்த சனவரியில் பதவிக்காலம் முடிந்து, ஊராட்சி தனி அலுவலரின் பொறுப்புக்குச் சென்றது. மாசி மாதத்தில் ஊருக்குக் கிழக்கே கரடு எனப்படும் சிறு பாறைக்குன்றில் இயந்திரங்கள் வந்து நின்றன. கல்குவாரி. ஊரார் திரண்டு சென்று கேட்டபோது, அக்டோபர் 2 கூட்டத் தீர்மானங்களின் நகலைக் காட்டினார்கள். கரட்டில் குவாரி அமைப்பதில் ஊராட்சிக்கு ஆட்சேபணை இல்லை என்பது ஏழாவது தீர்மானம். கீழே முத்துமாரியம்மாளின் கையெழுத்து. யார் சொல்லி அதை எழுதினார் என்பதை நாகராசு கடைசிவரை கூறவில்லை. அதற்குள் வேறு ஊராட்சிக்கு மாறுதல் பெற்றுவிட்டார்.

குவாரிக்காரருடைய காரில்தான் அந்த அம்மாள் மகளைப் பார்க்கச் சென்றார் என்று ஒரு கதை பரவியது. ஆட்டோவில் ஏறியதை அன்று கண்ணால் கண்டவர்களும் அந்தக் கதையை மறுக்கவில்லை.

புதுக்கோட்டையில் ஒரு வழக்கறிஞரைக் காணச் சேவுகனும் நானும் முத்துமாரியம்மாளுடன் சென்றோம். நகலைப் படித்துவிட்டு வழக்கறிஞர் கூறினார்:

"வெறுந்தாள்ல போட்டேன்னு நீங்க மட்டும் சொன்னா நிக்காதும்மா. கூடப் போட்டவங்க பத்துப் பேராவது சபையில எந்திரிச்சுச் சொல்லணும். அதை வச்சு மனுப் போடலாம். அதைவிடச் சுலபமா வேணும்னா, இது எங்கையெழுத்தே இல்ல, செயலர் போட்டுக்கிட்டாருன்னு சொல்லிருங்க."

திரும்பும் பேருந்தில் சேவுகன் மனைவியைக் கெஞ்சினார். "ஊருக்காக ஒரு பொய்தானே மாரி. சொல்லிட்டா கரடும் தப்பும், நம்ம பேரும் தப்பும்."

பேருந்து திருமயத்தைக் கடந்தது. முத்துமாரியம்மாள் கூறினார்:

"அஞ்சு வருசமா எங்கையெழுத்தை ஒங்க கையெழுத்துன்னுதான் ஊரு சொல்லுச்சு. இல்ல, நாந்தான் போட்டேன்னு ஒவ்வொரு தடவையும் நின்னேன். இப்ப இது மட்டும் என்னுது இல்லைன்னா, தண்ணித் தொட்டிக்குப் போட்டது யாரு? பள்ளிக்கூடத்துச் சுவருக்குப் போட்டது யாரு? பெறகு எதுவுமே நான் போட்டது இல்லைன்னு ஆயிரும்ங்க. தப்பு என்னுது. அதையும் நாந்தான் சொல்லணும்."

மே முதல் நாள் கிராம சபை கூடியது. தலைவரின் இடத்தில் அலுவலர் ஒருவர் அமர்ந்திருந்தார். முத்துமாரியம்மாள் பெண்களுக்கு நடுவிலிருந்து எழுந்தார். அதற்குள்ளாகவே பின்னாலிருந்து ஒருவர், "குவாரிக்கு மாலை போட வந்தியா?" என்று கத்தினார்.

"அந்தக் கையெழுத்து என்னுதுதான்," என்றார் அவர். "வெறுந்தாள்ல போட்டேன். போட்டிருக்கக் கூடாது. எம் மக ஞாபகத்துல போட்டேன். அது சமாதானம் ஆகாது. ஆனா அன்னைக்கு அந்தத் தாள்ல ஒரு எழுத்து இல்லைங்கறது எனக்கு மட்டுமா தெரியும்? நூத்துப் பதினாறு பேரு போட்டீங்க. எனக்காகச் சொல்ல வேணாம். கரட்டுக்காகச் சொல்லுங்க. தாளு வெறுமையா இருந்துச்சுன்னு எந்திரிச்சுச் சொல்லுங்க."

அவர் காத்திருந்தார். நூறு நாள் வேலை அட்டையை நிறுத்திவிடுவார்களோ என்று அஞ்சியவர்கள் பலர். குவாரியில் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்று நம்பியவர்கள் சிலர். மருதாயி மட்டும் பாதி எழுந்தார். சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு மீண்டும் அமர்ந்துவிட்டார். முப்பத்து நான்கு ஆண்டுகள் மாணவர்களிடம் 'படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்திடாதே' என்று கூறிய நான், என் பெயருக்கு வரக்கூடிய இழுக்கை எண்ணித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரிம்மா, ஒக்காருங்க," என்றார் அலுவலர். முத்துமாரியம்மாள் உட்காரவில்லை, வீட்டிற்கு நடந்தார்.

இப்போது நாள்தோறும் பிற்பகல் மூன்று மணிக்குக் கரட்டில் வெடி வைக்கிறார்கள். அவர் பெற்றுத்தந்த பள்ளிச் சுற்றுச்சுவரில் குறுக்காக ஒரு விரிசல் ஓடுகிறது. அவர் மீண்டும் நூறு நாள் வேலைக்குச் செல்கிறார். வருகைப்பதிவில் தம் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்று விரல் வைத்து வாசித்த பிறகே கையெழுத்திடுகிறார். மதியம் தனியாக உண்கிறார். மருதாயி அவர் முகத்தைப் பார்ப்பதில்லை.

சென்ற வாரம் அலுவலகத்தில் மே மாதக் கூட்டத்தின் பதிவைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒன்பது தீர்மானங்கள் இருந்தன. 'கூட்டம் அமைதியாக நடைபெற்றது' என்று முடிந்திருந்தது. முத்துமாரியம்மாள் பேசியதில் ஒரு சொல்லும் அதில் இல்லை. ஆகவே அவர் பேசியவற்றை, நினைவில் நின்றவரை, மாற்றாமல் இங்கே எழுதியிருக்கிறேன். அத்துடன், அன்று நான் எழுந்து கூறியிருக்க வேண்டியதையும் எழுதுகிறேன். அந்தத் தாள் வெறுமையாக இருந்தது. அதில் நான்காவது கையெழுத்து என்னுடையது.