பெஞ்சு மேடமும் புகார்ப் புத்தகமும்

நகராட்சிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், பதிவறைக்கு வெளியே கிடக்கும் மர பெஞ்சில் அடிக்கடி வந்து உட்காரும் அம்மாள், மேலிடத்திலிருந்து மாறுவேடத்தில் அனுப்பப்பட்ட அதிகாரி என்று ஒரு பேச்சு கிளம்பியது. கிளப்பியவர் யார் என்று தெரியாது. நம்பாதவர் எவரும் இல்லை என்பது மட்டும் தெரியும். ஆதாரங்களும் லேசுப்பட்டவை அல்ல. அந்த அம்மாள் யாரிடமும் கெஞ்சுவதில்லை. ஊழியர்கள் டீ குடித்துவிட்டுப் படியேறும்போதெல்லாம் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார். அவர் பையிலிருந்து ஓர் அளவு நாடா எட்டிப் பார்க்கிறது. "ரூமை அளக்க வந்திருக்காங்க. இடிச்சுக் கட்டப் போறாங்க, பாருங்க" என்று கணக்குப் பிரிவில் அடித்துச் சொன்னார்கள்.

விளைவு, அந்த மாடியில் சில வாரங்கள் ஒரு பொற்காலம் நிலவியது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துகள் சூடு ஆறாமல் விழுந்தன. வெகுநாளாகச் சுற்றாத மின்விசிறி சுற்றியது. பதிவறைக் காப்பாளர் தன் சொந்த ஃபிளாஸ்க்கிலிருந்து அந்த அம்மாளுக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். எல்லோரும் அவரை 'பெஞ்சு மேடம்' என்றார்கள், அவர் காதில் விழாத தூரத்தில்.

இது உண்மையா என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. அந்த பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல்லிக் கேட்டாலே போதும். ஆனால் அலுவலகத்தில் ஒருவருக்கும் அந்த தைரியம் வரவில்லை. கடைசியில் காப்பாளர்தான், பயம் தாங்காமல், குனிந்து கேட்டார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. உங்க ரிப்போர்ட் எப்போ மேல போகும்?"

"எந்த ரிப்போர்ட்டுங்க? ரிப்போர்ட் போட்டது நீங்க. அதுல ஒரு வரியை அடிக்கணும்னுதான் நான் நடையா நடக்கறேன்."

"அப்போ நீங்க...?"

"மனு கொடுத்திருக்கேன். புகார்ப் புத்தகத்துல ஒரு பக்கம் நகல் வேணும்."

காப்பாளர் நிமிர்ந்தார். அவர் முதுகெலும்பு நேரானதை அந்த மாடியே பார்த்தது. ஃபிளாஸ்க் உள்ளே போனது. மின்விசிறி நின்றது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இப்போது 'பெஞ்சு மேடம்' என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்.

அந்த அம்மாளின் தொழில் தையல். புதுத்துணி தைப்பதைவிடப் பழசைச் சரிசெய்வதுதான் அதிகம். பேன்ட் நீளம் குறைப்பது, இடுப்பைத் தளர்த்துவது, கிழிந்த பள்ளிக்கூடப் பைக்கு வார் வைப்பது. வீட்டின் முன்னறைதான் கடை. தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தால் ஜன்னல் வழியே தெரு தெரியும், தெருவோரச் சாக்கடை தெரியும், அதன் மேல் வரிசையாகப் படுத்திருக்கும் சிமென்ட் மூடிகள் தெரியும். ஓரிடத்தில் மட்டும் மூடி தெரியாது. அந்த இடத்தில்தான் அவர் கணவர், ஒரு மழைநாள் மாலையில், தெருவெல்லாம் தண்ணீர் நின்றபோது, விழுந்து இறந்தார்.

கணவர் கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதுபவர். கை நேர்த்தி உண்டு. மூடி காணாமல் போனதும், போகிற வருகிறவர்கள் எல்லாம் 'அடடா' என்று சொல்லித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது, நகராட்சிக்குப் போய்ப் புகார்ப் புத்தகத்தில் எழுதி வைத்தவர் அவர்தான். திரும்பி வந்து பெருமை வேறு.

"எழுதியாச்சு. இனிமே அவங்களால தப்பிக்க முடியாது" என்றார்.

தப்பித்தார்கள். அவர் இறந்ததும் பொறியாளர் பிரிவு ஓர் அறிக்கை எழுதியது. சம்பவ இடத்தில் மூடி இல்லாததாக முன்பே புகார் எதுவும் வரவில்லை. இறந்தவர் மது அருந்தியிருந்ததால் நிலை தவறி விழுந்திருக்கிறார். இவ்வளவுதான் அறிக்கை. ஒரு மனிதரை அடக்கம் செய்ய இரண்டு வாக்கியங்கள் போதுமென்று அந்தப் பிரிவுக்குத் தெரிந்திருந்தது.

தையல்காரம்மா பொய் சொல்லத் தெரியாதவர். இந்த விஷயத்தில் அது பெரிய குறை. "குடிப்பாருங்க, இல்லைங்கல. அன்னைக்குக் குடிக்கல" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். முதல் பாதியைக் கேட்டவுடனே எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள். இரண்டாம் பாதிக்கு யாரும் காத்திருக்கவில்லை.

மற்றவர்கள் எப்படியோ போகட்டும். கணவரின் அக்கா நேராகவே கேட்டார்.

"என் தம்பி குடிச்சுட்டுப் பள்ளத்துல விழுந்து செத்தான்னு கவர்மென்ட்டே எழுதிக் கொடுத்திருக்கு. நீ வீட்ல என்னம்மா பண்ணிக்கிட்டு இருந்தே?"

"அண்ணி, அவர் அன்னைக்குக் குடிக்கவே இல்ல. வேலை முடிச்சு வந்துட்டு இருந்தாரு. கையில பிரஷ் இருந்துது."

"பிரஷ் வச்சிருந்தா குடிக்கக் கூடாதுன்னு சட்டமா?"

சட்டம் இல்லை. அந்த நாளிலிருந்து தையல்காரம்மாவுக்கு வேண்டியது ஒன்றுதான்: அறிக்கையில் குடித்திருந்தார் என்ற அந்த ஒரு வரி போக வேண்டும். அதற்கு, மற்ற வரி பொய், முன்பே புகார் வந்திருந்தது என்று காட்ட வேண்டும். அதற்கு, கணவர் எழுதிய அந்தப் பக்கம் வேண்டும். நகராட்சியின் புத்தகம் பொதுமக்களின் சொத்து, கேட்டால் நகல் கொடுத்தே ஆக வேண்டும் என்று நுழைவாயிலில் பெரிய பலகையே வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகையை எழுதியவன் எழுத்துக்கு நடுவே இடம் விடத் தெரியாதவன் என்று கணவர் சொன்னது அவருக்கு நினைவிருந்தது.

வாசலில் குடைக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்திருந்தார் ஒரு மனு எழுதுபவர். முதல் மனுவை அவர்தான் எழுதினார். சில நாள் பொறுத்துத் தையல்காரம்மா பதிவறைக்குப் போனார். காப்பாளர் அன்று விடுப்பு. அவர் இடத்தில் இருந்தவர் அலமாரியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்:

"புத்தகம் இருக்கும்மா. இல்லைன்னு யார் சொன்னா? இங்க இல்ல, அவ்வளவுதான்."

"எங்க இருக்கு?"

"உங்க மனுவோட போயிருக்கு."

"மனு எங்க போச்சு?"

"புத்தகத்தோட போயிருக்கு."

கீழே இறங்கி வந்தவரிடம் மனு எழுதுபவர் ஆறுதலாகச் சொன்னார். "அக்கா, கதவை ஒரு தடவை தட்டுனா காத்துன்னு நினைப்பாங்க. தட்டிக்கிட்டே இருக்கணும். இன்னொண்ணு போட்டுடலாமா?"

போட்டார். அது பொறியாளர் பிரிவுக்குப் போனது. பதில் இல்லை என்று நினைவூட்டல் மனு போட்டார். அது சட்டப் பிரிவுக்குப் போனது. ஆணையர் பெயருக்கு ஒன்று, குறைதீர்ப்பு நாளில் ஒன்று, மேல்முறையீடு ஒன்று. மனு எழுதுபவர் பழைய குடையை எறிந்துவிட்டுப் புதுசு வாங்கினார். தையல்காரம்மாவின் முன்னறையில் நீளம் குறைக்க வேண்டிய பேன்ட்டுகள் மடிப்புக் கலையாமல் ஏறிக்கொண்டே போயின. வாடிக்கையாளர்கள் வந்து, பூட்டிய கதவைப் பார்த்து, வேறு கடைக்குப் போனார்கள். அவர் பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்ததெல்லாம் அதற்குத்தான். இன்றைக்காவது திரும்பிப் போய்க் கடையைத் திறக்க நேரம் இருக்குமா என்று.

இந்த நேரத்தில்தான் அந்த மாடிக்கு ஒரு பெண் எழுத்தர் மாற்றலாகி வந்தார். அலுவலகப் பழக்கவழக்கம் இன்னும் பிடிபடாதவர். அதனால் ஒருநாள் உணவு இடைவேளையில் அந்தத் தப்பைச் செய்தார். பெஞ்சில் இருந்தவரிடம் "உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டுவிட்டார். கேட்டதோடு விடாமல் பிரிவு பிரிவாக ஏறி இறங்கி விசாரித்தும்விட்டார். திரும்பி வந்தபோது சிரிப்பதா அழுவதா என்று அவர் முகத்துக்கே தெரியவில்லை.

"அம்மா, உங்க புத்தகம் தொலையல. அது உங்களைத்தான் தேடிக்கிட்டு இருக்கு."

"புரியலையேம்மா."

"இங்க ஒரு வழக்கம். மனு வந்தா, கேட்ட புத்தகத்தை எடுத்து அந்த மனுவோட சேர்த்துக் கட்டிடுவாங்க. அதே புத்தகத்தைக் கேட்டு இன்னொரு மனு வந்தா, முதல் கட்டை அதுக்கிட்ட அனுப்பிடணும். ரெண்டையும் சேர்த்துக் கட்டி, ரெண்டாவது எந்தப் பிரிவோ அங்க மறுபடியும் முதல்லேர்ந்து. நகல் எடுக்கற மெஷின்கிட்ட புத்தகம் போய் நிக்கும், சரியா அந்த நேரம் பார்த்து நீங்க அடுத்த மனுவைப் போட்டுடுவீங்க."

"அப்போ நான் வீட்டுலயே இருந்திருந்தா?" என்றார் தையல்காரம்மா.

"எப்பவோ வீட்டுக்குத் தபால்ல வந்திருக்கும்."

உட்கார்ந்து உட்கார்ந்து அவர் தேய்த்து வழவழப்பாக்கிய பெஞ்சு அது. அதன் விளிம்பை அவர் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப என்னம்மா பண்றது?"

"எல்லா மனுவையும் வாபஸ் வாங்கிக்கறேன், முதல் மனு போதும்னு எழுதிக் கொடுங்க." சொன்ன பிறகுதான் எழுத்தர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயோ, அதுவும் ஒரு மனுவாயிடுமே! பதிவு பண்ணினா புத்தகம் மறுபடியும் கிளம்பிடும்."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தையல்காரம்மா எழுதிக் கொடுத்தார். எழுத்தர் அதைப் பதிவு செய்யாமல், சுற்றுமுற்றும் பார்த்து, தன் கைப்பைக்குள் திணித்துக்கொண்டார். "இனிமே புதுசா எதுவும் போடாதீங்க, புத்தகம் தானா மெஷினுக்குப் போயிடும்" என்றார். பையின் ஜிப் பாதியில் பல்லிளித்து நின்றது. மனு வெளியே எட்டிப் பார்த்தது.

"இந்த ஜிப்பை வச்சுக்கிட்டா ஆபீஸ் ரகசியத்தைக் காப்பாத்தறீங்க? பையைக் கொடுங்க, புது ஜிப் போட்டுத் தரேன்."

"வேண்டாம்மா, எதுக்கு உங்களுக்குச் சிரமம்..."

"சிரமம் என்ன, என் தொழில்தானே. சும்மா வாங்கிக்கிட்டுப் போனா எனக்குத்தான் மனசு கேட்காது."

எழுத்தர் பையிலிருந்ததையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் கொட்டிக்கொண்டு பையைக் கொடுத்தார். தையல்காரம்மா வீட்டுக்குப் போய், மனசை அடக்கிக்கொண்டு, ஒன்றுமே செய்யாமல் இருந்தார். அதைவிடக் கஷ்டமான வேலையை அவர் வாழ்க்கையில் செய்ததில்லை.

நகல் வந்தது. தபாலில்தான்.

புத்தகத்தில் மற்றவர்களின் புகார்களெல்லாம் கோழி கிளறிய மாதிரிக் கிடக்க, நடுவில் கணவருடையது மட்டும் கடைப் பலகை போல நிமிர்ந்து நின்றது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, கீழே ஒரு கோடு. பள்ளத்தைப் படமாகவே வரைந்திருந்தார், பக்கத்தில் ஓர் அம்புக்குறியோடு. 'மூடி இல்லை. யாராவது விழுந்தால் யார் பொறுப்பு?' என்று எழுதி, தன் பெயரையும் கதவு எண்ணையும் போட்டிருந்தார். தேதி, அவர் இறப்பதற்கு வெகு முன்னால்.

தையல்காரம்மா அந்தத் தாளை இயந்திரத்தின் மேல் விரித்து, சுருக்கம் இல்லாமல் நீவினார். பிறகு அதன் பிரதியை வைத்து, அறிக்கையைத் திருத்தச் சொல்லிப் பொறியாளர் பிரிவுக்கு அனுப்பினார். ஒரே ஒரு கடிதம். நினைவூட்டல் எதுவும் போடவில்லை. பாடம் படித்தவர் அல்லவா?

இந்த முறை பதில் சீக்கிரமே வந்தது. முன்பே புகார் வந்திருந்தது என்பதைப் பிரிவு ஒப்புக்கொள்கிறது. புகார் வரவில்லை என்ற வாக்கியம் நீக்கப்படுகிறது. மேலும், புகார் கொடுத்தவரும் இறந்தவரும் ஒரே நபர் என்று தெரிய வருகிறது. ஆகவே அவ்விடத்தில் பள்ளம் இருப்பது இறந்தவருக்கு நன்றாகவே தெரியும். நன்றாகத் தெரிந்த பள்ளத்தில், தெளிவான நிலையில் இருக்கும் ஒருவர் விழ வாய்ப்பில்லை. எனவே மது குறித்த முடிவு இதன்மூலம் உறுதி செய்யப்படுகிறது.

முதல் அறிக்கையில் அது ஊகம். இப்போது அதற்கு ஆதாரம் இருக்கிறது. ஆதாரத்தைத் தேடிக் கொடுத்தவர் இறந்தவரின் மனைவி.

அண்ணி வந்து இரண்டு தாள்களையும் படித்தார். தம்பியின் எழுத்தின் மேல் விரல் வைத்து, வரி வரியாக நகர்த்தினார். கண் கலங்கியது.

"இது குடிச்சவன் எழுத்து இல்லம்மா" என்றார்.

"அதைத்தானே அண்ணி நானும் சொல்றேன்."

"எழுதுன அன்னைக்குக் குடிக்கலைன்னு ஒத்துக்கறேன்." அண்ணி மற்ற தாளை எடுத்து மடித்தார். "விழுந்த அன்னைக்கு? ஆபீஸ்ல படிச்சவங்க யோசிச்சுத்தானே எழுதியிருக்காங்க."

தையல்காரம்மா இயந்திரத்தின் முன் உட்கார்ந்து யாருடைய பேன்ட்டையோ எடுத்து மடித்துத் தைக்கத் தொடங்கினார். அளந்து பார்க்காமலே தைத்தார். அண்ணி போன பிறகு அதை அப்படியே பிரித்தார்.

அதற்குப் பிறகு அவர் அந்த அலுவலகப் பக்கம் போகவில்லை. பெஞ்சு காலியாகக் கிடக்கிறது. மேடத்துக்குப் பதவி உயர்வு கிடைத்துத் தலைநகரத்துக்குப் போய்விட்டார் என்று மாடியில் பேசிக்கொள்கிறார்கள். காப்பாளர்கூட அதை மறுப்பதில்லை. தெருவில் மூடி இன்னும் வரவில்லை. யாரோ உடைந்த நாற்காலி ஒன்றைப் பள்ளத்தில் செருகி வைத்திருக்கிறார்கள்.

எழுத்தரின் பை இயந்திரத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. பழைய ஜிப்பைப் பிரித்தாயிற்று. நிறத்துக்குப் பொருத்தமாகப் புதுசும் வாங்கியாயிற்று. தைக்க அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் தைத்துவிட்டால் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொடுக்கப் போனால் வாசலில் காவலாளி, "என்ன விஷயமா வந்தீங்க?" என்று கேட்டு எழுதிக்கொள்வார். அந்த எழுத்தரும், நல்ல பெண், "நகல் உபயோகப்பட்டுதாம்மா?" என்று கேட்பார்.

மனு எழுதுபவர் போன வாரம் அந்தத் தெரு வழியாகப் போனபோது ஜன்னலில் எட்டிப் பார்த்துச் சொன்னார். "அக்கா, அந்த கிளார்க் மேடம் இன்னும் பிளாஸ்டிக் உறையிலதான் எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு வர்றாங்க. அவசரம் இல்லையாம். முடியும்போது கொடுங்கன்னு சொல்லச் சொன்னாங்க."

"சரி, சொல்லுங்க" என்றார் தையல்காரம்மா. "நூல் தீர்ந்துடுச்சு, வாங்கணும்னு சொல்லுங்க."