வெறுமனே கிடக்கும் வீடு

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறரை மணியானால், சாவகச்சேரிக்குப் பக்கத்துச் சங்கத்தானையில் அருளம்பலத்தார் பொறுப்பில் இருக்கும் அந்த வீட்டில் ஆட்கள் குடியிருக்கும் அடையாளமே தெரியக் கூடாது. கொடியில் காயும் உடுப்புகள் உள்ளே போகவேண்டும். வாசலில் கிடக்கும் எட்டுச் செருப்புகளும் கட்டிலுக்குக் கீழே மறையவேண்டும். கிணற்றடிச் சவர்க்காரப் பெட்டி வரைக்கும் அவரே ஒருமுறை சுற்றிப் பார்ப்பார். பிறகு அங்கே குடியிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் நாலு கம்பஸ் பிள்ளைகளும் வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் குனிந்து, பக்கத்து வளவில் உள்ள அவர் வீட்டுக் குசினிக்குப் போய்விடுவார்கள். அவர் மனைவி நல்லம்மா கொடுக்கும் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு சத்தம் காட்டாமல் இருக்கவேண்டும்.

ஏழு மணிக்கு ரொறன்ரோவிலிருந்து தங்கை உதயகலா வீடியோவில் வருவாள். வீடு அவளுடையதும் அவள் கணவருடையதும். அருளம்பலத்தார் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விறாந்தை, கூடம், சாமியறை விளக்கு என்று ஒவ்வொன்றாகக் காட்டுவார். கடைசியில் அவள் தவறாமல் ஒரு கேள்வி கேட்பாள்.

"வீடு வெறுமனேதான் கிடக்குதோ, அண்ணை?"

"வெறுமனேதான் கிடக்கு. வேறை ஆர் இருக்கப்போயினம்?"

இரண்டு வருசமாக இதுதான் நடந்துகொண்டிருந்தது.

தொடக்கத்தில் அவருக்கு இப்படி ஒரு எண்ணமே இருக்கவில்லை. முல்லைத்தீவுப் பக்கத்து மனிதர் ஒருவர் தன் மகள் ஆரபிக்கு இடம் தேடி அலைந்து வந்து படலையில் நின்றார். யாழ்ப்பாணக் கம்பஸைச் சுற்றியுள்ள திருநெல்வேலியிலும் கொக்குவிலிலும் ஒரு அறைக்குக் கேட்கிற வாடகைக்கு இந்தப் பக்கம் முழு வீடே எடுக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அருளம்பலத்தாருக்கோ ஓய்வு பெற்ற பிறகு கையில் வருவது மருந்துக்கே காணாது. சரி என்றார். ஒருத்தி நாலு பேரானார்கள்.

வாடகை மலிவென்றால் அந்த மலிவுக்குப் பிள்ளைகள் உடம்பால் கொடுத்தார்கள். காலை ஆறு இருபது பஸ் சாவகச்சேரிக்கு வரும்போதே நிரம்பி வழியும். யாழ்ப்பாணம் வரைக்கும் நின்றபடி போய், அங்கே இன்னொரு பஸ் பிடித்து, எட்டு மணி விரிவுரைக்கு ஓடவேண்டும். திரும்பி வரும்போது விளக்கு வைக்கிற நேரமாகிவிடும். அவர்களில் மூத்தவள் நிரோஜினி, வவுனியாப் பிள்ளை, நின்றபடியே நித்திரை கொள்ளப் பழகிவிட்டாள். வந்து எட்டு மாசம்தான். இறுதி வருசம் படிக்கிறாள். எவ்வளவு களைத்து வந்தாலும் குளித்துவிட்டுச் சாமியறையில் விளக்கு வைப்பது அவள்தான். அதனாலேயே அருளம்பலத்தார் அவளில் கொஞ்சம் நம்பிக்கை வைத்திருந்தார்.

கொஞ்சம்தான். முழுதாக ஒருவரை நம்புகிற வழக்கம் அவருக்கு இல்லை. நாற்பது வருசம் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்தவர். சீனி மூட்டை வந்து இறங்கினால் மேலே கிடப்பதைப் பார்க்கமாட்டார், முழங்கை வரைக்கும் கையை விட்டு அடியில் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பார். போருக்குள் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது தன் வீட்டுக் கதவுகளைக் கழற்றியது யார் என்று பத்து வருசம் ஊர் வீடுகளின் கதவுகளைத் தடவிப் பார்த்துத் திரிந்த ஆள். இப்போது தன்னிடமே ஒரு களவு இருந்தபடியால் குணம் இரட்டிப்பாகிவிட்டது. தபால்காரர் படலையில் இரண்டு நிமிசம் கூட நின்றால், "இவன் ஏன் எட்டிப் பாக்கிறான்?" என்பார். முன்வீட்டுப் பெண் சிரித்தால், அந்தச் சிரிப்புக்கு ஒரு காரணம் தேடுவார்.

"களவு செய்யிறது நீங்கள். முழிசுறது ஊரோ?" என்பாள் நல்லம்மா. "கலாவிட்டை ஒரு சொல்லுக் கேட்டால் ஓம் எண்டுவாள். கேட்டுப்போட்டு நிம்மதியாய் இருங்கோவன்."

"கேட்டு அவள் மாட்டன் எண்டால்?"

அவருடைய வியாதி அதுதான். தகப்பன் இல்லாத தங்கையைத் தானே வளர்த்து, தாரை வார்த்துக் கொடுத்தவர் அவர். அவளிடம் போய் நிற்பது வெட்கம். நின்று கேட்டுவிட்டு இல்லை என்ற பதிலோடு திரும்புவது அதைவிட வெட்கம். ஆனால் கேட்காமல் செய்தது வேறு யாராவது வாயால் அவளுக்குத் தெரியவந்தால், அவள் வாயில் வரும் அண்ணை என்ற சொல்லுக்கே பெறுமதி இல்லாமல் போய்விடும். அந்தப் பயத்தில்தான் அவர் இரண்டு வருசமும் நடந்தார்.

நல்லூர்த் திருவிழா தொடங்கிய கிழமை, ஒரு புதன்கிழமை காலையில், வழக்கமில்லாத நேரத்தில் உதயகலா போன் எடுத்தாள்.

"அண்ணை, இவரின்ரை சித்தப்பா இஞ்சை ரொறன்ரோவிலை மோசம் போயிட்டார். எங்களுக்குத் துடக்கு. முப்பத்தொண்டு முடியுமட்டும் வீட்டிலை விளக்கு வைக்கவேண்டாம். நானும் வெள்ளியிலை எடுக்கேல்லை. அந்தியேட்டி முடிய ஆறுதலாய்க் கதைப்பம்."

தகப்பன் வழியில் ஒரு சாவென்றால் அந்த வழியில் வந்த எல்லோருக்கும், அந்தியேட்டிச் சடங்கு முடியும் வரை, முப்பத்தொரு நாள் துடக்கு. கோயிலுக்குப் போகமாட்டார்கள், சாமிக்கு விளக்கு வைக்கமாட்டார்கள். அருளம்பலத்தார் பெண் கொடுத்த பக்கம் என்றபடியால் அவருக்கு அது இல்லை. ஆனால் வீடு அவர்களுடையது. சாமியறை இருளத்தான் வேண்டும்.

இதைப் பிள்ளைகளுக்கு என்னவென்று சொல்வது? வீட்டுக்காரர் பகுதியில் சாவு என்றால், யார், எங்கே, எப்படி என்று நாலு வாயும் கேட்கும். நாளைக்கு அது ஆறு இருபது பஸ்ஸில் ஏறிவிடும். பகல் முழுக்க யோசித்து, விளக்கில் கீறல் விழுந்துவிட்டது, எண்ணெய் கசிகிறது என்று ஒரு பொய்யைச் செய்துகொண்டு பின்னேரம் அந்தப் பக்கம் போனார்.

சாமியறை ஏற்கெனவே பூட்டிக் கிடந்தது.

"நிரோ அக்காவாலை சாமியறைக்குப் போகேலாதாம், அங்கிள்," என்றாள் ஆரபி. பெண்பிள்ளைகள் விசயம். அருளம்பலத்தார் பார்வையை முற்றத்துக்குத் திருப்பிக்கொண்டு, மற்றவர்களும் வைக்கவேண்டாம் என்று கீறல் கதையைச் சொல்லிவிட்டு வந்தார்.

ஐந்து நாள் போனது. ஆறு, ஏழு என்று எட்டாம் நாளும் போனது. "விளக்குத் திருத்தியாச்சோ?" என்று மற்ற மூவரும் மாறி மாறிக் கேட்டார்கள். நாள் தவறாமல் விளக்கு வைத்தவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாமியறைப் பக்கம் திரும்பியும் பார்க்காமல் நடந்தாள். அருளம்பலத்தாரின் கை மூட்டைக்குள் போகத் தொடங்கியது.

"உவள் வேதத்துக்கு மாறிச் சேர்ச்சுக்குப் போறாளோ?" என்று மனைவியிடம் கேட்டார்.

"மாறினால் உங்களுக்கென்ன?"

"இல்லாட்டி ஒரு பெடியனின்ரை விசயமாய் இருக்கும். ஏதோ ஒளிக்கிறாள்."

"வெள்ளிக்கு வெள்ளி செருப்பு ஒளிக்கிற ஆள் கதைக்கிற கதையோ இது?"

அவர் விடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பிள்ளைகள் கம்பஸ் முடிந்து அப்படியே நல்லூருக்குப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கண் டொக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். கோயில் வீதியில் கச்சான் கடலை விற்கும் ஒருத்தியின் தட்டிக்குப் பின்னால் நின்று பார்த்தார். மூன்று பேர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். நிரோஜினி அவர்களுடைய பைகளை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு தெருவுக்கு அப்பால் நின்றாள். மணி அடித்தது. வீதி முழுக்கக் கைகள் தலைக்கு மேலே போயின. அவள் கை எழவில்லை. நிலத்தைப் பார்த்தபடி நின்றாள், கண் கலங்கியிருந்தது மாதிரியும் இருந்தது. எந்தப் பெடியனும் வரவில்லை. அருளம்பலத்தார் ஒரு கடதாசிச் சரை கச்சானோடு வீட்டுக்கு வந்தார். கண் எப்படி என்று நல்லம்மா கேட்டபோது, தெரிகிறது, ஆனால் விளங்கவில்லை என்றார்.

இதற்கிடையில் நாலு வெள்ளி ரொறன்ரோ வாய் திறக்கவில்லை. துடக்கு முடிய எடுக்கிறேன் என்று அவள் முன்பே சொன்னதுதான். ஆனாலும் அந்த மௌனம் அவரைக் குடைந்தது. யாரோ சொல்லிவிட்டார்கள், அதனால்தான் கதைக்கவில்லை என்று ஒருநாள் நினைப்பார். மறுநாள் அந்தச் சித்தப்பா உண்மையாகவே செத்தாரா என்றுகூட நினைத்தார்.

பிறகு ஒரு புதன் பின்னேரம், விரிவுரை இல்லையென்று நேரத்தோடு வந்த நிரோஜினி வேலியடியில் நின்று கூப்பிட்டாள்.

"அங்கிள், நாளைக்கு வவுனியாவுக்குப் போறன். வெள்ளிக்கிழமை வீட்டிலை ஒரு விசயம் இருக்கு. ஞாயிறு வந்திடுவன்."

சோதனைக்கு மூன்று கிழமை இருக்கும்போது என்ன விசயம்? அவர் உள்ளே போய்ச் சுவர்க் கலண்டரைப் பார்த்தார். தங்கை எடுத்த புதன்கிழமையில் விரலை வைத்து நாட்களைத் தொட்டுக்கொண்டே வந்தார். முப்பத்தொன்று நாளை மறுநாள் வெள்ளியில் விழுந்தது. விரல் அங்கேயே நின்றுவிட்டது.

அவர் யாருக்கும் வாய் திறக்க முன்னமே, அதே புதன் பின்னேரம் விளக்கு வைப்பதை நிறுத்தியவள் அவள். அவளுக்கும் அதே துடக்கு. அவருக்குச் செய்தி சொன்ன வாய்தான் அவளுக்கும் சொல்லியிருக்கிறது. எட்டு மாசமாக, நல்லம்மாவின் குசினியில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு, அவர் வெள்ளிக்கு வெள்ளி பொய் சொல்வதை வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டிருக்கிறாள். வேவு. அவருக்குக் காது சுட்டது.

பொட்டுக்குள்ளால் போனார். அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, போய் வாரும். ஆனால் வரேக்கை உம்மடை சாமான்களை எடுக்கிற ஒழுங்கோடை வாரும். இடம் வேறை ஆளுக்குக் குடுக்கப்போறன்."

அவள் முகம் வெளிறியது. "சோதினை வருது, அங்கிள். இப்ப நான் எங்கை போறது?"

"செத்தவர் உமக்கு ஆர்?"

அவள் மடித்த உடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பாவின்ரை அப்பா," என்றாள். "அப்பப்பா. கனடாவிலை இருந்தவர்."

"அப்ப உம்மை இஞ்சை அனுப்பினது?"

"கலா பெரியம்மா. முறைப்படி நான் உங்களை மாமா எண்டுதான் கூப்பிடவேணும்."

"என்னை வேவு பாக்கவோ அனுப்பினவள்?"

"இல்லை, மாமா. நான் கொக்குவிலிலை அறை தேடிக் களைச்சுப்போய் அழுதுகொண்டு பெரியம்மாவுக்கு எடுத்தனான். எங்கடை வீட்டிலை அண்ணை கம்பஸ் பிள்ளையளை வைச்சிருக்கிறார், போய்க் கேள், நான் அனுப்பினது எண்டு மட்டும் சொல்லாதை, அவர் கூச்சப்படுவார் எண்டு சொன்னவ."

"நீர் வரமுதலே அவளுக்குத் தெரியுமோ?"

"முதல் மாசமே தெரியுமாம். கரண்ட் பில் அவதானே அங்கையிருந்து கட்டுறவ. வெறுவீட்டிலை இவ்வளவு யுனிற் எப்பிடி ஓடும் எண்டு பெரியப்பாவிட்டைக் கேட்டவவாம். கம்பஸ் பிள்ளையள் எண்டு பிறகு ஊராக்கள் சொன்னவையாம்."

அருளம்பலத்தார் விறாந்தைப் பக்கம் திரும்பினார். எட்டுச் செருப்பையும் ஒளித்தவர். சவர்க்காரப் பெட்டியை ஒளித்தவர். விறாந்தைச் சுவரில் சுற்றிக்கொண்டிருந்த மீற்றரை இரண்டு வருசத்தில் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

"விளக்கை நீர் வழமைபோலை வைச்சிருந்தால் நான் கண்டுபிடிச்சிருக்கமாட்டன்," என்றார்.

"துடக்கோடை எப்பிடி மாமா வைக்கிறது?"

"சாமான் கிடக்கட்டும். போய் வாரும், பிள்ளை," என்று சொல்லிவிட்டு வந்து தன் வீட்டு முற்றத்தில் கதிரையைப் போட்டு இருந்தார். வீடு வெறுமனேதான் கிடக்குதோ, அண்ணை? நூறு வெள்ளிக்கிழமை அவள் கேட்டிருப்பாள். ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுவதற்கு ஒரு கதவைத் திறந்துவிட்டுக் காத்திருந்திருக்கிறாள். நூறு முறையும் அவர் அதைச் சாத்தியிருக்கிறார். வெட்கமாக இருந்தது. அழவேண்டும் போலவும் இருந்தது. அந்த வெட்கத்துக்குள்ளும், தெரிந்தவள் ஏன் நேரே கேட்கவில்லை, என்ன பார்த்துக்கொண்டிருந்தாள் என்று பழைய புத்தி ஒருமுறை எட்டிப் பார்த்தது. அந்தப் புத்தியை அவரே மனதுக்குள் ஏசினார்.

அடுத்த கிழமை வெள்ளி வந்தது. துடக்குக் கழிந்து சாமியறை கழுவி, நிரோஜினி விளக்கு வைத்திருந்தாள். ஆறரைக்குப் பிள்ளைகள் வழமைபோல உடுப்புகளை அள்ளத் தொடங்கினார்கள். அவர் தடுத்தார். ஒருவரும் எங்கேயும் போகவேண்டாம், இருந்து படியுங்கோ என்றார். ஆரபி, நிரோஜினியின் முகத்தைப் பார்த்தாள். நிரோஜினி புத்தகத்தைப் பார்த்தாள்.

ஏழு மணிக்கு உதயகலா வந்தாள். ஒரு மாசத்தில் மெலிந்திருந்தாள். அந்தியேட்டி நடந்த கதை சொன்னாள். அவர் ஓம், ஓம் என்று கேட்டார். பிறகு அவள் வழமையான இடத்துக்கு வந்தாள்.

"வீடு வெறுமனேதான் கிடக்குதோ, அண்ணை?"

"இல்லை, கலா," என்றார். "நாலு பிள்ளையள் இருக்கினம். ரெண்டு வருசமாய். உன்னைக் கேக்காமல் வைச்சனான். பிழைதான்."

அங்கே அவள் கண் ஒருமுறை மூடித் திறந்தது. முகம் மலர்வது போல் வந்து, பாதியில் நின்றுவிட்டது. திரைக்குள்ளிருந்து அவரையே உற்றுப் பார்த்தாள். அந்தப் பார்வை அவருக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. அவர் சீனி மூட்டையைப் பார்க்கிற பார்வை.

"நிரோ சொன்னவளோ?"

இல்லை என்று சொல்லலாம். நானாகத்தான் சொல்கிறேன் என்றால் அவள் சந்தோசப்படுவாள். பக்கத்து அறையில் புத்தகத் தாள் புரளும் சத்தம் நின்றிருந்தது.

"ஓம். உனக்குத் தெரியும் எண்டது, அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

உதயகலா கோபமில்லாமல்தான் கேட்டாள்.

"அவள் சொல்லியிருக்காட்டி, இண்டைக்கும் வெறுமனே எண்டுதான் சொல்லியிருப்பியள், என்ன அண்ணை?"

அருளம்பலத்தார் தங்கையின் முகத்தைப் பார்த்தார்.

"ஓம்," என்றார்.