உள்ளே வைத்த பொட்டு

வவுனியா குருமன்காட்டுத் தவராசா தன் வாயால் "பிழை விட்டிட்டன்" என்று சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. மாங்குளத்தில் இருந்த காலத்தில் ஒருமுறை தண்ணி இறைக்கிற மிசின் ஒன்றைக் கழற்றிப் பூட்டியபோது நான்கு நட்டுகள் மிஞ்சிவிட்டன. "கொம்பனிக்காரன் கூடப் போட்டிட்டான்" என்று சொல்லி, அவற்றைச் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்த மனிதர் அவர். அந்த மிசினும் அதற்குப் பிறகு இரண்டு போகம் ஓடித் தொலைத்தது. அதுதான் ஆளைக் கெடுத்தது.

மிசின் திருத்தும் மற்றவர்கள் வேலை முடிந்ததும் எண்ணெய்த் தாங்கியில் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போவார்கள். தவராசா அப்படியல்ல. மூடியைப் பூட்டுவதற்கு முன்னமே, உள்ளே, மிசினின் தலையிலேயே சந்தனம் வைப்பார். சாவிகளுக்கு நடுவே அதற்கென்றே ஒரு சந்தன டப்பா கிடக்கும். யாரும் கேட்டால், "வெளியில வைச்சால் மழையோட போயிடும். உள்ள வைச்சால் உயிரோட ஒட்டி நிக்கும்" என்பார். இருபத்தைந்து வருடமாக வன்னியில் அவர் கைபட்ட அத்தனை மிசினுக்குள்ளும் அந்தப் பொட்டு இருந்தது. போரில் இடம்பெயர்ந்து வவுனியாவுக்கு வந்தபோது வீட்டுக் கதவைக்கூட விட்டுவிட்டு வந்தார், டப்பாவை விடவில்லை.

இனி விசயத்துக்கு வருவோம். இரண்டாயிரத்து ஓராம் ஆண்டு, மகள் சுமித்திரா ரவுணில் கொம்பியூட்டர் படித்து முடித்தாள். உடனே கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து பெரியம்மா அமராவதியின் கடிதம் வந்தது. பிள்ளையை அனுப்பி விடட்டாம், கந்தோர் வேலை பார்த்து வைத்திருக்கிறாவாம். தாய் இராசேஸ்வரிக்கு அது பிடித்துப்போயிற்று. தவராசாவுக்கோ அது துளியும் பிடிக்கவில்லை. ஒரே பிள்ளை, அவள் இல்லாத வீட்டில் யாரோடு வாதாடுவது? ஆனால் "போகாதை பிள்ளை" என்று சொல்லும் வாயா அது?

"கொம்பியூட்டர் தானே? அதை நான் வீட்டில பூட்டித் தாறன்" என்றார்.

சாமான்கள் கொழும்பிலிருந்து லொறியில், பழைய பேப்பரில் சுற்றி, பிஸ்கற் பெட்டிக்குள் வந்தன. சுமித்திரா புத்தகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, தவராசா திருகினார். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. புரொசசர் என்கிற அந்தச் சின்னச் சில்லின் மேல் சூட்டை இழுக்கும் அலுமினியச் செட்டையையும் காற்றாடியையும் ஏற்றுகிற நேரம் பார்த்து, சுமித்திரா தேத்தண்ணி எடுக்கக் குசினிக்குப் போனாள். தவராசா செட்டையைப் புரட்டிப் பார்த்தார். அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ பிசுபிசுப்பு.

"பார் இவங்களை. ஊத்தையோட அனுப்பியிருக்கிறாங்கள்" என்று தனக்குள் சொல்லி, மண்ணெண்ணெய்த் துணியால் அதைச் சுத்தமாகத் துடைத்தார். பிறகு டப்பாவைத் திறந்தார். புதுச் சாமான் அல்லவா, பொட்டாக வைக்காமல் கொஞ்சம் தாராளமாகவே சில்லின் மேல் அப்பினார். கண்ணை மூடிக் கும்பிட்டு, செட்டையை வைத்துக் கொளுவியைப் பூட்டினார். தேத்தண்ணியோடு வந்த சுமித்திராவிடம், "முக்கியமான வேலை முடிஞ்சுது" என்றார். அவளும் நல்லதென்றுதான் நினைத்தாள்.

முதல் வேலை கோயிலிலிருந்தே வந்தது. பிள்ளையார் கோயில் திருவிழா மலர், நாற்பத்தெட்டுப் பக்கம். அடுத்த வியாழன் மத்தியானத்துக்குள் அடித்து அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று பரிபாலன சபைத் தலைவர் அப்புத்துரை தாள்களைக் கொடுத்தார். இராசேஸ்வரி அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"மலர் முடிஞ்சால் பிள்ளை இஞ்ச இருக்கட்டும். முடியாட்டி அடுத்த கிழமை அக்காட்டைப் போகட்டும்."

ஐந்து நாள் கணினி சமர்த்தாக ஓடியது. ஆறாம் நாள் கீ கீ என்று கத்திவிட்டு அணைந்தது. திரும்பப் போட்டால் பதினொரு நிமிடம் ஓடும், கத்தும், அணையும். சுமித்திரா தொடக்கத் திரையில் சூட்டைப் பார்த்தாள். தொண்ணூற்றொன்று.

"அப்பா, புரொசசர் கொதிக்குது."

"வவுனியாவில ஆர் கொதிக்கேல்லை?" என்றார் தவராசா. ஆனாலும் சும்மா இருக்கவில்லை. முதலில் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். பிறகு சாப்பாட்டு மேசைக் காற்றாடியைக் கொண்டுவந்து அதற்கு நேரே வைத்தார். மலர்த் தாள்கள் முற்றமெங்கும் பறந்தன, சூடு ஒரு பாகை குறைந்தது. சைக்கிள் பம்பால் தூசி அடித்தார். மின்சார சபையைத் திட்டினார். "இதுக்கு எண்ணெய் எங்கால விடுறது?" என்று கேட்டு, மகள் பார்த்த பார்வையில் எண்ணெய்க் குடுவையைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தார். செவ்வாய்க்கிழமை ஈரச் சாக்கோடு வந்தார்.

"மிசின் சூடாகினால் நான் இதைத்தான் போர்க்கிறனான்."

"அப்பா, அதைக் கிட்டக் கொண்டு வந்தீங்களெண்டால் நான் இப்பவே கொழும்புக்குப் போறன்."

சாக்கைத் தன் தலையில் போர்த்துக்கொண்டு வெளியே போய்விட்டார் மனிதர்.

இதற்கிடையில் இன்னொரு கூத்து நடந்தது. கணினி சூடாகச் சூடாக அறையெல்லாம் சந்தனம் மணந்தது. பக்கத்து வீட்டு வீரம்மா, மலையகத்திலிருந்து வந்து குடியேறியவள், வேலியால் எட்டி மூக்கை உறிஞ்சினாள்.

"அக்கா, கோயில் வாசம் அடிக்குதுங்களே. உள்ள என்னங்க?"

"பிள்ளையாற்றை மலர் அடிக்கினம்" என்றாள் இராசேஸ்வரி. சொல்லி முடித்ததும் அவளுக்கே உடல் சிலிர்த்தது. பிள்ளையாரின் மலர், சந்தன வாசம், இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்குக் கனநேரம் எடுக்கவில்லை. பின்னேரமே மொனிற்றருக்கு ஒரு செவ்வரத்தம்பூ மாலை விழுந்தது. அடுத்த நாள் எட்டுப் பெண்கள் தேங்காயோடு வந்து நின்றார்கள். வீரம்மா கற்பூரம் கொளுத்தினாள். சுமித்திரா அந்தப் புகைக்குள் இருமியபடி வரிக்கு வரி சேமித்து அடித்தாள். தவராசா நடுவே நின்று எல்லாருக்கும் திருநீறு கொடுத்தார். சந்தனம் எங்கிருந்து மணக்கிறது என்று அவருக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை என்பதை நீங்கள் நம்பத்தான் வேண்டும். தன் கையால் பூட்டிய மிசினுக்குள் தெய்வம் வருவது அவருக்கு அவ்வளவு இயல்பாக இருந்தது.

புதன் மத்தியானம், இன்னும் பத்தொன்பது பக்கம் மிச்சம். சுமித்திராவுக்கு அழுகை வந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரம்புவிடம் போனாள். திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவர் அவர்.

"என்ர அம்பிளிபயர் கொதிச்சால் நான் முதலில செட்டைக்குக் கீழ சூடு கடத்துற பசை காஞ்சிட்டுதோ எண்டுதான் பாப்பன், பிள்ளை" என்று, வெள்ளைப் பசை கொஞ்சத்தைத் தாளில் மடித்துக் கொடுத்தார் ஏரம்பு.

"அதைத் திறக்காதை. அதுக்குள்ள நான் வடிவாப் பாத்துத்தான் பூட்டினனான்" என்று தவராசா தடுத்தார். அவள் கேட்கவில்லை. கொளுவியை நெம்பிச் செட்டையைத் தூக்கினாள். சில்லின் மேல் தடிப்பாகக் காய்ந்த சந்தனம், கோடையில் வற்றிய குளத்துத் தரைபோல வெடித்துக் கிடந்தது. மகள் சந்தனத்தைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்தார்.

அவள் சந்தனத்தைச் சுரண்டித் துடைத்து, வெள்ளைப் பசையைப் பயறளவு வைத்துப் பூட்டினாள். சூடு ஐம்பத்திரண்டில் நின்றது. பின்னேரம் முழுக்க ஒரு தடவைகூட அது கத்தவில்லை.

வியாழன் காலை பெண்கள் பூத்தட்டோடு வந்தார்கள். மூக்கை உறிஞ்சினார்கள். வாசம் இல்லை.

"பாப்பா நேத்து உள்ள பிரிச்சிச்சிங்க, நான் பார்த்தேன்" என்றாள் வீரம்மா மெல்ல. "சாமி கோவிச்சிக்கிட்டுப் போயிருச்சு."

கதை அரை மணித்தியாலத்தில் கோயில் வரைக்கும் போய், அப்புத்துரையைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. அவர் கையை நீட்டினார். "பிள்ளை, தாள்களைத் தா. இப்பிடி நடந்த இடத்தில கோயில் மலர் அடிக்கிறது சரியில்லை."

"நான் அப்பவே சொன்னனான். இவளை அக்காட்டை அனுப்பியிருக்க வேணும்" என்றாள் இராசேஸ்வரி, முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி.

இன்னும் இரண்டு பக்கம்தான் மிச்சம். ஒரு வார்த்தை சொன்னால் சுமித்திரா தப்பியிருப்பாள். அவளோ தலையைக் குனிந்து தாள்களை அடுக்கத் தொடங்கினாள். அப்பாவைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அந்தத் தாள்களின் சரசரப்பைத் தவராசாவால் தாங்க முடியவில்லை. அவர் உள்ளே போய்ச் சந்தன டப்பாவைக் கொண்டுவந்து எல்லாருக்கும் முன்னால் மேசையில் வைத்தார்.

"பிள்ளையார் வரவும் இல்லை, போகவும் இல்லை. மணந்தது இதுதான். நான்தான் உள்ள அப்பினனான்." அவர் டப்பாவின் மூடியைத் திறந்து காட்டினார். "பிழை விட்டிட்டன். பிள்ளை அதைத் திருத்தியிருக்கிறாள். அவள் ஒரு இடமும் போகத் தேவையில்லை."

அப்புத்துரைதான் முதலில் சிரித்தார். அவர் சிரிக்க எல்லாரும் சிரித்தார்கள், வீரம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இராசேஸ்வரி மட்டும் புருசனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலோ என்று.

மத்தியானத்துக்கு முன் மலர் அச்சகத்துக்குப் போனது. கொடியேற்றத்தன்று கையில் கிடைத்ததும் தவராசா கடைசிப் பக்கத்தைத்தான் திருப்பினார். கணினி அமைப்பு, செல்வி த. சுமித்திரா என்று இருந்தது. அவர் நெஞ்சு நிமிர்ந்தது. அதற்குக் கீழே, உபயகாரர் பட்டியலின் கடைசி வரியில், இப்படியும் இருந்தது:

"கணினிக்குச் சந்தனக்காப்பு: திரு. க. தவராசா, குருமன்காடு."